ஒரு சாண் புகைவண்டி

தமிழில் நாம் அதனைப் புகைவண்டி என்றோம். மலையாள நண்பர்கள் தீவண்டி என்கின்றனர். ஒரே பொருளைக் கண்டு நாம் மேலே எழுவதை வைத்துப் பெயரிட்டோம். அவர்கள் உள்ளே எரிவதை வைத்துப் பெயரிட்டனர். திருவனந்தபுரத்தில் பிறந்து இங்குள்ள பள்ளியிலேயே படிக்கும் எங்கள் மகனுக்கு அது தீவண்டி. அவனுடைய தாத்தாவுக்கோ அது புகைவண்டியும் அன்று, தீவண்டியும் அன்று, வெறும் 'வண்டி'. நாற்பதாண்டு அதிலேயே உழைத்தவருக்கு உலகில் வேறு வண்டி ஏது?

2020 நவம்பரில் இந்நகரை அடுத்த வேளிச் சுற்றுலாக் கிராமத்தில் ஒரு சிறு தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. காயலும் கடலும் கைகோக்கும் அந்த இடத்தில் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டருக்குத் தண்டவாளம் இட்டிருந்தனர். நாற்பத்தைந்து பேர் அமரலாம். கதிரவன் ஒளியிலிருந்து பெறும் மின்சாரத்தால் ஓடுவது. ஆயினும் இஞ்சினின் தோற்றம் மட்டும் பழைய நீராவி இஞ்சினின் தோற்றமே. புகைபோக்கியிலிருந்து செயற்கைப் புகையும் எழுமாறு அமைத்திருந்தனர். நோய்த்தொற்றுக் கெடுபிடிகள் தளர்ந்த பின்னர் ஒரு ஞாயிறு மாலை நாங்கள் குடும்பத்தோடு சென்றோம். அம்மா மறைந்தபின் செங்கோட்டை வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்திருந்த தந்தையாரையும் அழைத்துச் சென்றோம். வண்டி நின்றதும் பிள்ளைகளெல்லாம் பெட்டிகளை நோக்கி ஓட, அவர் மட்டும் நேரே இஞ்சினிடம் போனார். கையை நீட்டி அதன் வயிற்றுப்புறத்தைத் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்து பேரனிடம், "சூடு இல்லலே" என்றார். அவ்வளவுதான். வீடு திரும்பும் வரை வேறொன்றும் பேசவில்லை.

வேளி வண்டியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கரியை எரித்து நுரையீரலைக் கறுக்கச் செய்வதைவிடக் கதிரொளியில் ஓடுவது எவ்வளவோ மேல். பிள்ளைகள் மகிழ்ந்தனர், நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் தீ இல்லாத இஞ்சினுக்குக்கூடப் புகையை ஒட்டவைக்க வேண்டும் என்று மனிதனுக்கு ஏன் தோன்றுகிறது? இந்தியாவில் கடைசி நீராவி இஞ்சின் சித்தரஞ்சன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது 1972-இல். அகலப்பாதையில் நீராவியின் அன்றாடச் சேவை 1995 டிசம்பரோடு முடிந்தது. இன்றைய சிறுவர்களில் எத்தனை பேர் கரிவண்டியைக் கண்டிருப்பர்? கண்டிராதவனும் ரயில் படம் வரைந்தால் புகையைச் சுருள்சுருளாக வரைகிறான். இந்த வினா எங்களை விடவில்லை. அதன் விளைவே இன்று எங்கள் மொட்டைமாடியில் ஓடும் ஒரு சாண் நீளப் புகைவண்டி.

சிறு இஞ்சின்களைச் சேர்ப்பதும் ஓட்டுவதும் பணக்காரர் பொழுதுபோக்கு என்பது பொதுவான எண்ணம். அதற்குக் காரணமும் உண்டு. குவாலியர் மன்னர் விருந்து மேசையின்மேல் வெள்ளியால் ஒரு தொடர்வண்டி ஓட்டினார். அது மதுவையும் சுருட்டையும் சுமந்து விருந்தினர் முன் வலம்வரும்; ஒருவர் குப்பியைத் தூக்கினால் நின்றுவிடும்; திரும்ப வைத்தால் நகரும். இங்கிலாந்தின் பாசெட்-லோக் நிறுவனத்தார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்து கொடுத்தது. இன்றும் அரண்மனையில் காட்சிப்பொருளாக இருக்கிறது. ஆனால் புனே நகரில் பாவ்சாகேப் ஜோஷி என்பவர் வாழ்நாள் முழுதும் சேர்த்தவற்றைக் கொண்டு 1998-இல் திறந்த சிற்றுருவ ரயில் காட்சியகம் அரசர் வீட்டுப் பொருள் அன்று. குறிகாட்டிகளும் விளக்குகளும் மேம்பாலங்களுமாக ஒரு நகரையே மேசைமேல் எழுப்பி அதனிடையே வண்டிகளை ஓடவிட்டிருக்கிறார். ஆர்வம் ஒன்றே முதலீடானால் இவ்வளவு செய்யலாம் என்பதற்கு அது சான்று.

இந்தச் சேகரிப்பு உலகெங்கும் பரவியதற்குக் காரணமானவர்கள் ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனத்தார். பொம்மை வண்டிகளின் தண்டவாள அகலத்துக்கு எண்ணிட்டு 1891-இல் அவர்கள் ஓர் ஒழுங்கை வகுத்தனர். அதன்பின் இன்று ஓர் இஞ்சின், அடுத்த பிறந்தநாளுக்கு ஒரு பெட்டி, அதற்கடுத்த ஆண்டு ஒரு நிலையம் என்று வாங்கிச் சேர்க்க வழி பிறந்தது; அடுத்த வீட்டுப் பையனின் இஞ்சின் இவன் பாதையிலும் ஓடியது. 1920-இல் இங்கிலாந்தின் ஹார்ன்பி சாவி முடுக்கி ஓட்டும் வண்டிகளைக் கொண்டுவந்தபோது இந்த வழக்கம் நடுத்தர வீடுகளுக்கும் வந்துவிட்டது. பொம்மைகளுக்குக்கூடப் பொதுப்பாதை வகுத்த காலத்தில், நம் நாட்டில் மெய்யான ரயில்களோ அகலப்பாதை, மீட்டர்ப்பாதை, குறும்பாதை என ஒன்றின்மேல் ஒன்று ஏற இயலாதபடி ஓடிக்கொண்டிருந்தன. சந்திப்பு நிலையங்களில் மூட்டை முடிச்சுகளோடு வண்டி மாறிய நம் பாட்டிமார் அறிவர் அந்தத் துன்பத்தை!

சேகரிப்பவர்களில் இரு சாதியார் உண்டு. கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்ப்போர் ஒரு சாதி; ஓட்டிப் பார்ப்போர் மறு சாதி. முன்னவர்களை நாங்கள் மதிக்கிறோம், பின்னவர்களையே விரும்புகிறோம். ஓட்டுவோரிலும் பெரும்பாலோர் மின்சாரத்தால் ஓட்டுவர். 2003-இல் ஹார்ன்பி நிறுவனம் உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிய ஒரு நீராவி இஞ்சினை வெளியிட்டது. தண்டவாளத்தின் வழியே மின்சாரத்தை அனுப்பி, அதனால் உள்ளே நீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியால் ஓட்டுவார்கள். வியக்கத்தக்க நுட்பந்தான். ஆனால் அதிலும் தீ இல்லை. தந்தையார் ஒப்புக்கொள்ளமாட்டார்.

தீ வேண்டும் என்றால் எங்கே போவது? உண்மையில் நம் நாட்டுப் பிள்ளைகள் நீராவிப் பொறியை ஓட்டாதவர்கள் அல்லர். கோயில் திருவிழாக் கடைகளில் விற்கும் தகரப் படகை யார்தாம் மறக்க இயலும்? சிறு விளக்கை ஏற்றி உள்ளே வைத்தால் 'டுப் டுப்' என்று தொட்டி நீரில் சுற்றிச் சுற்றி வருமே, அதுவும் நீராவிப் பொறியே. நீர் கொதித்துக் குழாயிலுள்ள நீரைப் பின்னே தள்ள, படகு முன்னே போகிறது. ஆவி குளிர்ந்ததும் மீண்டும் நீரை உறிஞ்சுகிறது. பொறியியல் படிக்காத கைகள் பழைய தகர டப்பாக்களை வெட்டி ஒட்டிச் செய்வது. விலை அந்நாளில் சில்லறைக் காசுதான்.

நிற்க. எங்கள் இஞ்சின் வந்த கதைக்கு வருவோம். லண்டனில் வாழும் மைத்துனர் தொலைபேசியில் வேளிக் கதையைக் கேட்டுச் சிரித்தார். அடுத்த விடுமுறைக்கு வந்தபோது பழம்பொருள் கடையில் வாங்கிய ஒரு சிறு பெட்டியைத் தந்தார். பர்மிங்காமின் மாமோத் நிறுவனம் எழுபதுகளின் இறுதியில் சந்தைக்கு விட்ட நீராவி இஞ்சின் அது. பித்தளைக் கொதிகலன், நான்கு சக்கரம், பச்சை வண்ணம், ஒரு வட்டத்துக்குப் போதுமான தண்டவாளம். "இதற்குக் கொடுத்த காசில் ஒரு மிக்சி வாங்கியிருக்கலாம்" என்று எங்கள் இல்லத்தரசி சொன்னதையும் உண்மை கருதிப் பதிந்துவைக்கிறோம்.

அதன் அமைப்பு மிக எளிது. பெரிய இஞ்சினில் நீராவியை உருளைக்குள் விடுவதற்கும் வெளியேற்றுவதற்கும் தனி வால்வுகளும் அவற்றை இயக்கத் தண்டுகளும் உண்டு. இதில் உருளையே ஓர் ஆணியில் தொங்கி ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் ஆடுகிறது. ஆடும்போது அதிலுள்ள துளை ஒருமுறை நீராவித் துளைக்கு நேராக வருகிறது. மறுமுறை வெளியேற்றும் துளைக்கு நேராக வருகிறது. அவ்வளவே. பாதுகாப்பு வால்வைத் திருகி எடுத்து அவ்வழியே நீரை ஊற்றவேண்டும். எரிபொருள் வில்லைகளை ஒரு தட்டில் வைத்துப் பற்றவைத்துக் கொதிகலனுக்கு அடியில் செருகவேண்டும். பிறகு காத்திருக்கவேண்டும்.

இந்தக் காத்திருப்பிலேயே இதன் கவர்ச்சி முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது எங்கள் கருத்து. மின்வண்டி பொத்தானை அழுத்தியதும் ஓடும். நாம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றே. நீராவி இஞ்சின் அப்படியன்று. முதலில் உலோகம் 'டிக் டிக்' என்று முனகும். பிறகு ஓர் அமைதி. பிறகு பாதுகாப்பு வால்வின் ஓரத்தில் ஒரு சிறு சீறல். காலை அலுவலகத்துக்குப் புறப்படும் அவசரத்தில் சோற்றுப்பானை கொதிக்கவில்லையே என்று பதறும் அதே நாங்கள், ஞாயிற்றுக்கிழமை இந்தச் சீறலுக்காக மூச்சடக்கி நிற்கிறோம். முதல் தடவை தானாக நகராது. உருளைக்குள் நீராவி குளிர்ந்து நீராகித் தங்கியிருக்கும். விரலால் மெல்லத் தள்ளிக் கொடுக்கவேண்டும். இரண்டு சுற்று துப்பிவிட்டுத்தான் வழிக்கு வரும்.

தந்தையார் சொல்லி நாங்கள் அறிந்த உண்மை ஒன்று உண்டு. இஞ்சினைச் சிறிதாக்கலாம், இயற்கையைச் சிறிதாக்க முடியாது. பெரிய இஞ்சினை இருபதில் ஒரு பங்காகச் சுருக்கினால் அதன் மேற்பரப்பு 400-இல் ஒரு பங்காகும். உள்ளிருக்கும் நீரின் அளவோ 8000-இல் ஒரு பங்காகிவிடும். நீர் குறைந்த அளவுக்குச் சூட்டைச் சிந்தும் உலோகப் பரப்பு குறையவில்லை. ஆகவே சிறிய இஞ்சின் விரைவில் குளிர்கிறது, விரைவில் வற்றுகிறது. கரமனை ஆற்றுப் பக்கமிருந்து வரும் மாலைக்காற்று நமக்குத் தென்றல், அதற்குப் புயல். எங்களுடையது ஒருமுறை நீர் ஊற்றினால் பத்து நிமிடம் ஓடும். நீர் வற்றிய பின்னும் தீ எரிந்தால் பற்றவைத்த ஈயம் உருகிக் கொதிகலன் கெடும். இதில் நீர்மட்டம் காட்டும் கண்ணாடியும் இல்லை. ஆகவே ஊற்றிய அளவையும் ஓடிய நேரத்தையும் கணக்கு வைத்துத்தான் ஓட்டவேண்டும்.

எங்கள் ஊருக்கும் இந்த ஊருக்கும் இடையே உறவை உண்டாக்கியதே மெய்யான ஒரு கொதிகலன்தான். 1904-இல் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே மலையைக் குடைந்து மீட்டர்ப்பாதை அமைந்தது. கொல்லத்தின் பக்கம் முதல் இஞ்சினைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொண்டுவந்து பூட்டினார்கள் என்று சொல்வர். அன்று செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956 நவம்பரில்தான் தமிழகத்தோடு இணைந்தது. பாதை 1918 சனவரி முதல் நாள் கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு நீண்டது. 1931-இல் தம்பானூர் வரை வந்தது. இந்நகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் எத்தனையோ பேரின் தாத்தாமார் அந்தக் கரிப்புகையைச் சட்டையில் ஏற்றிக்கொண்டு இங்கு வந்து இறங்கியவர்கள். ஆரியங்காவுக் குகைக்குள் வண்டி நுழையும்போது சன்னல்களை அடைக்கச் சொல்லிப் பெட்டி முழுதும் எழும் கூச்சலைச் சிறுவயதில் நாங்களும் கேட்டிருக்கிறோம். தென்மலையை அடுத்த பதின்மூன்று கண் பாலத்தில் உடல் சிலிர்க்க எட்டிப் பார்த்திருக்கிறோம். மலைப்பகுதியின் மீட்டர்ப்பாதை 2010-இல் மூடப்பட்டது. 2018-இல் அகலப்பாதையாகத் திறந்தது.

தந்தையார் ரயில்வேயில் இஞ்சின் துடைப்பவராகச் சேர்ந்து, ஃபயர்மேனாகிப் பல பாதைகளில் கரி அள்ளிப்போட்டு, டீசல் வந்தபின் அதற்கும் பழகி ஓய்வுபெற்றவர். வேலையைப் பற்றி வீட்டில் பேசமாட்டார். கேட்டால், "கரி அள்ளிப் போட்டோம், வண்டி போச்சு" என்பார். இந்தப் பொம்மை இஞ்சின் வந்த பிறகுதான் அவர் வாய் திறந்தது. முதல் நாள் எண்ணெய் சுட்டு நீராவியோடு கலந்த வாசனை மாடியில் எழுந்தபோது, படியிலேயே நின்று இருமுறை மூச்சை இழுத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவர்தான். அதன்பின் ஒரு ஞாயிறும் தவறவில்லை.

ஒரு மாலை அண்டை வீட்டுப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் வந்திருந்தனர். எங்கள் மகனுக்குப் பெருமை தாங்கவில்லை. தீயில் இன்னும் இரண்டு வில்லைகளைச் சேர்த்தான், வண்டி பறந்தது, பிள்ளைகள் ஆர்ப்பரித்தனர். எண்ணி நேரம் பார்க்கவேண்டிய நாங்களும் வேடிக்கையில் மறந்திருந்தோம். திடீரென்று தந்தையார் எழுந்தார். "ஏலே, தண்ணி பாத்தியா? தீயை எடுலே!" என்று கத்தினார். பையன் விழித்தான். எழுபத்தைந்தைக் கடந்த அந்தக் கிழவர் இரண்டே எட்டில் பலகையருகே மண்டியிட்டு, எரியும் தட்டை வெறுங்கையால் வெளியே இழுத்தெறிந்தார். இஞ்சினின் பச்சை வண்ணம் ஓரிடத்தில் கொப்புளித்திருந்தது. கொதிகலன் தப்பியது. அவர் விரல்கள் மூன்றும் கொப்புளித்துவிட்டன.

பிள்ளைகள் போனபின், குழாய் நீரில் கையைக் காட்டியபடி அவர் சொன்னதை அப்படியே தருகிறோம்.

"எனக்கும் ஒருநாள் போச்சு. மலையில ஏத்தம் ஏறுறப்ப பாய்லர் தண்ணி பூராவும் பின்னால நெருப்புப் பெட்டிப் பக்கமா வந்திரும். கண்ணாடி நெறையக் காட்டும். உச்சி தாண்டி எறக்கத்துல விழுந்ததும் தண்ணி முன்னால ஓடிரும். நெருப்புப் பெட்டி மண்டை காஞ்சிரும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அன்னிக்குக் கண்ணாடிய நம்புனேன். லெட் பிளக் விழுந்திட்டு."

லெட் பிளக் என்பது நெருப்புப் பெட்டியின் கூரையில் பதித்த ஈய அடைப்பு. நீர் இறங்கிக் கூரை காய்ந்தால் ஈயம் உருகி வழிவிடும். நீராவி தீயின்மேல் பாய்ந்து எச்சரிக்கும். கொதிகலன் வெடித்து உயிர்கள் போகாதிருக்க அமைத்த காவல் அது. ஆனால் அது உருகினால் வண்டி வழியிலேயே நின்றுவிடும். ஃபயர்மேன்களிடையே அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. நடுவழியில் வேறு இஞ்சின் வரும்வரை பயணிகள் இறங்கி நின்று பார்க்க, இவர் தலைகுனிந்து அமர்ந்திருந்தாராம். விசாரணை நடந்தது. ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது.

நாங்கள் மைய அரசு அலுவலகத்தில் பணிப்பதிவேடுகளைக் கையாள்பவர்கள். 'ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தம்' என்ற வரியை எத்தனையோ பேருடைய ஏட்டில் எங்கள் கையால் எழுதியிருக்கிறோம். தேதி சரியா, ஆணை எண் சரியா என்று பார்த்திருக்கிறோமேயன்றி அந்த வரியின் பின்னால் ஒரு வீடு இருப்பதை எண்ணிப் பார்த்ததில்லை. அன்றிரவு அக்காளுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னோம். அவள் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு தீபாவளிக்கு நமக்குப் புதுத்துணி எடுக்கவில்லை. துணிக்கடைக்காரர் ஊருக்குப் போய்விட்டார் என்று அம்மா சொன்னாள். நீ கைக்குழந்தை, உனக்கு நினைவிருக்காது" என்றாள். அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. கணவர் வாயிலிருந்து வராததை அவளும் எங்களிடம் சொல்லாமலே போய்விட்டாள்.

மறுவாரம் இஞ்சினை எடுக்கப் பையன் அஞ்சினான். தாத்தாதான் கட்டுப்போட்ட கையோடு மாடிக்கு முன்னே நடந்தார். கிழித்துப்போட்ட நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தைத் தைத்து ஒரு பதிவேடு செய்திருந்தார். நாள், ஊற்றிய நீர், பற்றவைத்த நேரம், அணைத்த நேரம், குறிப்பு என்று ஐந்து பத்திகள் கோடிட்டிருந்தார். கீழே டிரைவர், ஃபயர்மேன் என்று இருவர் கையொப்பத்துக்கு இடம். டிரைவர் யார் என்று பேரன் கேட்டான். "நீதான். நான் ஃபயர்மேன்" என்றார்.

எங்கள் இஞ்சினில் தீ உண்டு. வெண்மையாய்ச் சிறிது நீராவி எழுமேயன்றிப் புகை இல்லை. ஆகவே இது தீவண்டிதான், புகைவண்டி அன்று என்பது மகனுடைய வாதம். தமிழ்ப்பற்றின் காரணமாக நாங்கள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பதிவேட்டில் இப்போது நாற்பதுக்கு மேற்பட்ட ஓட்டங்கள் ஏறியிருக்கின்றன. குறிப்புப் பத்தியில் 'காற்று அதிகம்', 'சக்கரம் வழுக்கியது', 'பூனை குறுக்கே வந்தது' என்றெல்லாம் பையனின் கையெழுத்தில் காணலாம். ஊசிக்குழலால் நீரை அளந்து ஊற்றுகிறவர் தாத்தா. ஊற்றி மூடியைத் திருகுவதற்கு முன் பேரனைக் கூப்பிடுகிறார். அவன் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துளைக்குள் பார்த்து, "தண்ணி இருக்கு தாத்தா" என்று சொன்ன பிறகே தீக்குச்சியை எடுக்கிறார்.